மெசோன் ழான்சென் பெயரில் மேசை வாங்கும் முன்: பழைய பிரெஞ்சு ஆடம்பர ஃபர்னிச்சருக்குப் புதியவர்களுக்கான வழிகாட்டி

பழைய பிரெஞ்சு ஃபர்னிச்சரை இணையத்தில் தேட ஆரம்பித்தால் ஒரு பெயர் சலிக்கச் சலிக்கக் கண்ணில் படும்: மெசோன் ழான்சென். பித்தளைச் சட்டத்தில் கண்ணாடி பதித்த டீப்பாய், பனைமரம் போல ஓலை விரித்து நிற்கும் விளக்கு, மூங்கில் கணு போட்ட பித்தளை அலமாரி, ஆட்டுத்தலையோ அன்னத்தலையோ வைத்த பக்கமேசை என்று எது கிடைத்தாலும் விற்பவர் அந்தப் பெயரைச் சேர்த்துவிடுகிறார். அவற்றில் பெரும்பாலானவற்றை அந்த நிறுவனத்தோடு இணைக்க ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது. அதற்காகச் சாமான் மட்டம் என்று ஆகிவிடாது. 1950 முதல் 1970கள் வரை பிரான்சில் இதே பாணியில் நன்றாக வேலை செய்த பட்டறைகள் பல இருந்தன. பெயருக்கு எவ்வளவு, சாமானுக்கு எவ்வளவு என்று விலையை இரண்டாகப் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் இந்தச் சந்தையில் ஏமாறும் வாய்ப்பு பாதியாகக் குறையும்.

நிறுவனத்தைப் பற்றித் தெரிய வேண்டியது

டச்சுக்காரரான ழான்-ஆன்ரி ழான்சென் 1880இல் பாரிஸில் தொடங்கிய நிறுவனம் இது. கடை இருந்தது பாரிஸின் ரூ ருவயால் தெருவில். பிறகு லண்டன், நியூயார்க், புவெனஸ் அயர்ஸ், கெய்ரோ, ஹவானா என்று கிளைகள் விரிந்தன. 1923இல் சேர்ந்த ஸ்தெஃபான் பூதான் 1936இல் தலைமைக்கு வந்து 1961 வரை நடத்தினார். இன்று ‘ழான்சென் பாணி’ என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி அவர் காலத்தது. அவருக்குப் பின் பியர் தெல்பே. 1989இல் கதவு மூடப்பட்டது.

வாடிக்கையாளர் பட்டியலைப் பார்த்தால் ஏன் இந்தப் பெயருக்கு இத்தனை மவுசு என்று புரியும். இங்கிலாந்தின் லீட்ஸ் கோட்டை, அரியணை துறந்த பிரிட்டிஷ் மன்னர் எட்டாம் எட்வர்டும் மனைவியுமான வின்ட்சர் கோமகன் தம்பதியின் பாரிஸ் வீடு, கென்னடி காலத்து வெள்ளை மாளிகையின் சிவப்பு அறையும் நீல அறையும், 1971இல் ஈரான் ஷா பழைய பாரசீகத் தலைநகரான பெர்சிபோலிஸில் அடித்த கூடார நகரம், எல்லாம் இவர்கள் கைவேலை. வெள்ளை மாளிகை வேலையில் பூதான் என்ற பிரெஞ்சுக்காரரின் கை இருந்ததை அன்று பெரிதாக வெளியே சொல்லவில்லை. அமெரிக்க வரலாற்றை அமெரிக்கர்தான் அலங்கரிக்க வேண்டும் என்ற கூச்சம்தான் காரணம்.

வாங்குபவருக்கு இதில் முக்கியமான செய்தி ஒன்று உண்டு. ழான்சென் ஒரு ஃபர்னிச்சர் கம்பெனி அல்ல, அறை அலங்கார நிறுவனம். சுவர், திரைச்சீலை, கம்பளம், விளக்கு, நாற்காலி அனைத்தையும் சேர்த்து ஓர் அறையாக ஒப்படைப்பார்கள். அந்த அறைக்குள் மூன்று வகைச் சாமான்கள் கலந்திருக்கும்: அவர்கள் வாங்கி விற்ற அசல் 18ஆம் நூற்றாண்டுப் பொருட்கள்; அவற்றைப் பார்த்து அவர்கள் பட்டறையில் செய்த நகல்கள்; பழைய பாணியை எடுத்துக்கொண்டு அவர்களே வரைந்த புதிய வடிவங்கள். ஒரு வாடிக்கையாளரின் ஓர் அறைக்கென்று செய்த பொருளுக்கு முத்திரை தேவைப்படவில்லை. அதனால்தான் உண்மையான ழான்சென் சாமான் பலவற்றிலும் முத்திரை இல்லை. சந்தையில் பொய் சொல்ல இவ்வளவு இடம் கிடைத்ததும் இதனால்தான்.

பக்கத்துப் பெயர்கள் சிலவும் தெரிந்திருக்கட்டும். மூங்கில் கணு பித்தளை மேசைகளை மெசோன் பகேஸ் என்றும் விற்பார்கள். அவர்களின் புகழுக்கு அடிப்படை இரும்பும் படிகக் கண்ணாடியும் சேர்ந்த விளக்குகள். அன்னாசிப்பழ விளக்கு என்றால் மெசோன் ஷார்ல். அவர்கள் விளக்குகளின் அடியில் பெரும்பாலும் பெயர் பொறித்திருக்கும் என்பதால் சோதிப்பது சுலபம். தோல் சுற்றி, குதிரைச் சேணத்தில் போடுவது போல் தையல் போட்ட சட்டம் என்றால் ழாக் அத்னே. ஒரே மேசையை மூன்று கடைக்காரர் மூன்று பெயரில் விற்பதை ஒரு மாதம் கவனித்தாலே பார்க்கலாம்.

படி 1: விளம்பரத்தின் சொற்களை எடைபோடுங்கள்

பிரான்சில் ஏலப் பட்டியலில் எந்தச் சொல்லுக்கு என்ன பொறுப்பு என்பதை 1981 மார்ச் 3 தேதியிட்ட அரசாணை ஒன்று வரையறுக்கிறது. பொருளைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும்.

பெயர் மட்டும் தனியாக, எந்த அடைமொழியும் இல்லாமல் போட்டிருந்தால் விற்பவர் அதற்கு உத்தரவாதம் தருகிறார். ‘அத்ரிபுவே ஆ’ என்று முன்னால் இருந்தால், பொருள் அந்தக் காலத்தில் செய்யப்பட்டது, செய்தவர் அவராக இருக்கக்கூடும் என்று நினைக்க வலுவான காரணம் இருக்கிறது என்ற அளவுக்குப் பொறுப்பு. ‘தான் ல கூ த’ (ரசனையில்), ‘ஸ்தீல்’ (பாணி), ‘ழான்ர் த’ (வகை), ‘மனியேர் த’ (முறையில்) இவற்றில் எது வந்தாலும் பொறுப்பு பூஜ்யம். செய்தவர் யார், எந்த ஆண்டு என்று எதையும் அவர்கள் உறுதி சொல்லவில்லை. ‘எபோக்’ என்ற சொல்லும் ‘ஸ்தீல்’ என்ற சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் வந்து குழப்பும். ‘எபோக் லூயி 16’ என்றால் பதினாறாம் லூயி மன்னர் ஆண்ட காலத்தில், 1774க்கும் 1792க்கும் இடையில் செய்தது. ‘ஸ்தீல் லூயி 16’ என்றால் போன வருடம் செய்ததாகவும் இருக்கலாம்.

சர்வதேச விற்பனைத் தளங்களில் இந்தக் கட்டுப்பாட்டை யாரும் பெரிதாக மதிப்பதில்லை. ‘ழான்சென் பாணி’ என்று விளக்கத்தில் எழுதிவிட்டுத் தலைப்பில் ‘ழான்சென்’ என்று மட்டும் போடுவது வழக்கம். தலைப்பை மறந்துவிட்டு விளக்கத்தைப் படியுங்கள். பிறகு விற்பவருக்கு ஒரே ஒரு கேள்வி எழுதிக் கேளுங்கள்: “இன்வாய்ஸில் ‘மெசோன் ழான்சென், இன்ன ஆண்டு’ என்று அடைமொழி இல்லாமல் எழுதித் தருவீர்களா?” தருவேன் என்பவர் குறைவு. தராதவரிடம் பேரம் பேச உங்களுக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

எது ஆதாரம்? சட்டத்தின் அடியிலோ மரத்தின் உள்பக்கத்திலோ குத்திய ‘ழான்சென்’ முத்திரை உதவும், ஆனால் அது மட்டும் போதாது. இரும்பு அச்சு செய்து குத்துவது யாராலும் முடியும். முத்திரையின் பள்ளத்துக்குள் சுற்றியிருக்கும் பரப்பைப் போலவே அழுக்கும் பழுப்பும் இறங்கியிருக்க வேண்டும். பள்ளம் மட்டும் புதிதாகப் பளிச்சென்றிருந்தால் விலகிவிடுங்கள். முத்திரையைவிடப் பலமானது நிறுவனத்தின் பழைய ரசீது, அறையின் வரைபடம், அந்த வீட்டின் காலத்துப் புகைப்படம். பெயருள்ள ஒரு சேகரிப்பின் ஏலப் பட்டியலில் இடம் பெற்றதும் அப்படித்தான்: வின்ட்சர் வீட்டுச் சாமான்கள் 1998 பிப்ரவரியில் நியூயார்க்கில் சதபீஸ் ஏல நிறுவனம் வழியாக ஏலம் போயின, அங்கே லாட் எண்ணோடு விற்ற பொருளின் வரலாற்றை யாரும் சரிபார்க்கலாம்.

படி 2: கையில் என்ன கொண்டுபோவது

சிறிய காந்தம், 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், புற ஊதா டார்ச், டேப், வெள்ளைப் பருத்தித் துணி, ஒரு பழைய போர்வை. போர்வை எதற்கு என்றால் மேசையைக் கவிழ்த்துப் படுக்கவைக்க. கவிழ்க்க விடாத கடைக்காரரிடம் வாங்காதீர்கள். முன்பக்கம் விற்பவர் காட்ட விரும்புவது, அடிப்பக்கம்தான் உண்மை சொல்லும்.

படி 3: உலோகம்

அதிகம் போலி வருவதும் அதிகம் பழுதாவதும் இங்கேதான், அதனால் நிதானமாகப் பாருங்கள்.

காந்தத்தை மஞ்சள் நிறப் பகுதியில் வையுங்கள். ஒட்டினால் அது முலாம் பூசிய இரும்பு. ஒட்டவில்லை என்பதாலேயே பித்தளை என்று முடிவு கட்டக்கூடாது. இன்றைய மறுபதிப்புகளில் பாதி, தங்க நிறம் ஏற்றிய துருப்பிடிக்காத எஃகு. அதில் 304 ரகத்தில் காந்தம் ஒட்டாது. பழைய மலிவுச் சாமான்களில் வரும் துத்தநாகக் கலவையிலும் ஒட்டாது. இன்னொரு பக்கம், ழான்சென் வேலையில் எஃகும் வெண்கலமும் சேர்ந்து வருவது சகஜம். சாம்பல்-கறுப்பு எஃகுக் காலில் காந்தம் ஒட்டினால் பயப்பட ஒன்றுமில்லை. கேள்வி மஞ்சள் பகுதிக்கு மட்டும்.

அடுத்தது எடை. பித்தளையின் அடர்த்தி கன செ.மீ.க்கு 8.4 முதல் 8.7 கிராம், துத்தநாகம் 7.1 அளவு. கையில் தூக்கிப் பார்த்து இந்த வித்தியாசம் தெரிய வேண்டுமென்றால் உறுதியான பித்தளைத் துண்டு ஒன்றை முன்கூட்டியே தூக்கிப் பழகியிருக்க வேண்டும். வீட்டுக் குத்துவிளக்கு போதும். பிறகு மூக்கு. அடிப்பக்கத்தில் வார்னிஷ் போன இடத்தைக் கட்டைவிரலால் பத்து நொடி தேய்த்து முகர்ந்தால் பித்தளை வாடை வரும். தங்க நிற எஃகில் எவ்வளவு தேய்த்தாலும் வராது.

இப்போது லென்ஸை எடுங்கள். ஆட்டுத்தலை, அன்னத்தலை, இலைக்கொத்து போன்ற வார்ப்பு அலங்காரங்களில் மயிர்க்கற்றையும் இறகுக் கோடும் எப்படி இருக்கின்றன என்று பாருங்கள். நல்ல பட்டறையில் வார்த்தபின் உளியால் ஒவ்வொரு கோட்டையும் திரும்பக் கீறிக் கூர்மையாக்குவார்கள். கோட்டின் விளிம்பு சுருக்கென்று இருக்கும், ஒரு கோடு மற்றதைப் போல அச்சாக இருக்காது, குழிப்பகுதியில் நுண்ணிய புள்ளிக் குத்து தெரியும். நகலின் நகலாக வார்த்ததில் கோடுகள் சோப்புக் கட்டி கரைந்ததுபோல் மழுங்கியிருக்கும், கண்குழியில் ஊசிமுனைத் துளைகள் கிடக்கும். நான்கு மூலையிலும் நான்கு தலை இருந்தால் நான்கையும் பாருங்கள். மூன்று கூர்மை, ஒன்று மழுக்கம் என்றால் அந்த ஒன்று பின்னால் மாற்றியது.

தேய்மானத்துக்கு ஒரு தர்க்கம் உண்டு. கை படும் விளிம்பு வெளுத்திருக்கும், மூலையும் குழியும் கறுத்திருக்கும், பாதத்தின் அடியில் பல திசைகளிலும் கீறல் இருக்கும். ரசாயனத்தில் முக்கிப் பழசாக்கியதில் எல்லா இடமும் ஒரே அளவு கறுப்பாக இருந்து, விளிம்பில் மட்டும் உப்புத்தாள் தேய்த்த இணைகோடுகள் லென்ஸில் தெரியும். பித்தளையில் இளஞ்சிவப்புத் திட்டு தெரிந்தால் அங்கே துத்தநாகம் கரைந்து செம்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஈரமும் உப்பும் நெடுநாள் பட்டதால் வருவது. மேலோட்டமாக இருந்தால் சகித்துக்கொள்ளலாம், மெல்லிய குழாயில் ஆழமாக இருந்தால் அந்தக் கால் ஒருநாள் முறியும்.

மூட்டுகளைப் பாருங்கள். வெள்ளிப் பற்றுவைப்பு மெல்லிய கோடாக, சீராக இருக்கும். சாம்பல் நிறத்தில் பிதுங்கி நிற்கும் ஈயப் பற்று பழுதுபார்த்த தடம், பலமும் குறைவு. திருகு வைத்த மூட்டானால் தலையில் ஒற்றைக் கோடு எதிர்பாருங்கள். கூட்டல் குறி போட்ட திருகு 1930களிலேயே வந்துவிட்டது, அதனால் அது மட்டும் போலிக்குச் சாட்சி ஆகாது. ஆறு முனை நட்சத்திரக் குழி இருந்தால் அந்தத் திருகு 1960களின் கடைசிக்கு முன்னால் வந்திருக்க முடியாது.

கடைசியாகச் சட்டத்தின் இரண்டு மூலைவிட்டங்களையும் டேப் வைத்து அளங்கள். வித்தியாசம் 2, 3 மி.மீ.க்கு மேல் போனால் சட்டம் முறுக்கிக்கொண்டிருக்கிறது. அதில் புதுக் கண்ணாடி வைத்தால் ஒரு மூலையில் அழுத்தம் ஏறி, ஒருநாள் தானாகவே விரிசல் விடும்.

படி 4: கண்ணாடி, மரம், மெத்தை

கண்ணாடி மாற்றியிருந்தால் பெரிய குற்றமில்லை, விலையில் கழியுங்கள். மூலையில் பதப்படுத்திய (டஃபன்ட்) கண்ணாடிக்குப் போடும் சிறு முத்திரை இருந்தால் அது புதிது. ஆனால் கண்ணாடிக்கு அடியில் வெள்ளி ஏற்றி, வேண்டுமென்றே புள்ளிபுள்ளியாக மங்கவைத்த கண்ணாடிப் பலகையோ, பின்பக்கம் தங்கத்தாள் ஒட்டி ஓவியம் தீட்டிய பலகையோ இருந்தால் கதை வேறு. அது அசலாகவே இருக்க வேண்டும். மேசையின் மதிப்பில் பாதி அதில் இருக்கிறது. பின்பக்கம் ஓவியம் உரிகிறதா என்று டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். உரியத் தொடங்கியதைத் தடுக்கத் தேர்ந்த கைக்காரர் வேண்டும்.

கண்ணாடியின் எடைக்கு எளிய கணக்கு: ஒரு சதுர மீட்டருக்கு, ஒவ்வொரு மி.மீ. தடிமனுக்கும் 2.5 கிலோ. 1.2 மீட்டர் நீளம், 0.6 மீட்டர் அகலம், 10 மி.மீ. தடிமன் என்றால் 18 கிலோ. சட்டம் 6 மி.மீ. கண்ணாடிக்குச் செய்ததாக இருக்க, யாரோ 12 மி.மீ. வைத்திருப்பதை அடிக்கடி பார்க்கலாம். கால்கள் மெல்ல அகலுவது அதனால்தான்.

மரத்தில் முதலில் தேட வேண்டியது எம்.டி.எஃப்., அதாவது மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த, பின்னாளில் வந்த பலகை. ‘1950களின் அலமாரி’யின் முதுகுப் பலகை எம்.டி.எஃப். என்றால் அந்த முதுகு பின்னால் வந்தது. பக்கங்களும் அதுவே என்றால் மொத்த அலமாரியும் பின்னால் வந்தது. லூயி 16 பாணி நாற்காலிச் சட்டங்கள் பெரும்பாலும் பீச் மரம், அது உளுவுக்குப் பிடித்த தீனி. ஒன்றரை, இரண்டு மி.மீ. துளைகள் பழையதாகவும் இருக்கலாம். சந்தேகம் இருந்தால் அடியில் கறுப்புத் தாள் விரித்து இரண்டு வாரம் விடுங்கள். வெளிர் மஞ்சள் தூள் விழுந்தால் புழு உயிரோடு இருக்கிறது. வீட்டுக்குள் விடும்முன் அதைத் தீர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் மற்ற மரச்சாமான்களுக்கும் போகும்.

புற ஊதா டார்ச்சை இருட்டில் மரத்தின் மேல் அடித்தால் பழைய அரக்கு மெருகு ஆரஞ்சாக ஒளிரும். ஒரு காலில் மட்டும் அந்த ஒளி இல்லையென்றால் அங்கே பழுதுபார்த்திருக்கிறார்கள்.

நாற்காலியின் மெத்தைக்கு அடியில் இருக்கும் கறுப்புத் துணியின் ஒரு மூலையைத் தூக்கிப் பாருங்கள். சணல் நாடா, கயிற்றால் எட்டுத் திசையிலும் கட்டிய ஸ்ப்ரிங், குதிரை முடி என்றால் பழைய முறை. ஃபோமும் ஸ்டேப்ளர் பின்னும் என்றால் பின்னால் மாற்றியது. அது குற்றமல்ல, ஆனால் குதிரை முடி முறையில் திரும்பச் செய்ய ஆகும் கூலி பல நேரம் நாற்காலியின் விலையைத் தாண்டிவிடும். அதைக் கணக்கில் வையுங்கள்.

படி 5: விளக்கானால்

பனைமர விளக்கோ, உலோகத் தொப்பி வைத்த ‘புயோத்’ மேசை விளக்கோ வாங்கினால் வயரை முழுதாக மாற்றுவது என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். பழைய ரப்பர், துணி உறைகள் குழாய்க்குள் நொறுங்கி, முழு உடலுக்கும் மின்சாரம் ஏறிவிடும். 0.75 சதுர மி.மீ. மூன்று கம்பி வயர் போட்டு, மூன்றாவதை உலோக உடலோடு எர்த் செய்யுங்கள். பழைய வயரின் நுனியில் புதியதைக் கட்டி இழுத்தால் வளைவுகளில் சுலபமாக வரும்; குழாய் வாயில் ரப்பர் வளையம் போடாவிட்டால் கூரான விளிம்பு புது வயரையும் அறுத்துவிடும். பழைய பிரெஞ்சு விளக்குகள் பலவற்றில் அழுத்தித் திருப்பும் பி22 ஹோல்டர் இருக்கும். நம் ஊர் பல்பு அப்படியே மாட்டும் என்பது எதிர்பாராத வசதி. ஹோல்டர் கறுகியிருந்தால் மாற்றுங்கள், பழையதை ஓர் உறையில் போட்டு விளக்கோடு வையுங்கள். நாளைக்கு விற்கும்போது கேட்பார்கள்.

படி 6: எங்கே வாங்குவது, எவ்வளவு ஆகும்

பாரிஸில் பார்த்துப் பழக இரண்டு இடம் போதும். ஒன்று, 1852இல் திறந்த ஓத்தெல் துருவோ ஏல மாளிகை. ஏலத்துக்கு முன்பாகப் பொருட்களைப் பார்வைக்கு வைப்பார்கள், யாரும் இலவசமாக நுழைந்து கவிழ்த்துப் பார்க்கலாம். இரண்டு, சாந்த்-உவான் பழம்பொருள் சந்தை, அதிலும் போல் பெர்-செர்பெத் பகுதி. சனி, ஞாயிறு, திங்களில் திறந்திருக்கும். லா ஷாப்பெல் பக்கம் வசிக்கும் தமிழர்களுக்குக் கார் து நோர் ரயில் நிலையத்திலிருந்து 4ஆம் மெட்ரோ. போர்த் த கிளின்யான்கூரில் இறங்கி நடக்க வேண்டும். திங்கள் பிற்பகலில் பேரம் கொஞ்சம் இளகும்.

ஏலத்தில் சுத்தியல் விழும் விலை நீங்கள் கட்டும் விலை அல்ல. பாரிஸில் வாங்குபவர் கட்டணம், வரியோடு சேர்த்து, பொதுவாக 25 முதல் 30 சதவீதம். 2,000 யூரோவுக்குச் சுத்தியல் விழுந்து கட்டணம் 28 சதவீதம் என்றால் கையை விட்டுப் போவது 2,560. இணையத்தளம் வழி கேட்டால் இன்னும் சில சதவீதம். அதன்மேல் பேக்கிங், வண்டி, நேரத்துக்கு எடுக்காவிட்டால் கிடங்கு வாடகை. ஆகவே உச்சவரம்பை எழுதிக்கொள்ளும்போது பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள்: வீடு வந்து சேர எவ்வளவு தரத் தயார் என்று முதலில் எழுதி, போக்குவரத்தைக் கழித்து, மிச்சத்தை 1.28ஆல் வகுத்தால் வரும் எண்தான் உங்கள் கடைசிக் குரல்.

பட்டியலில் பொருளின் விளக்கம் தவறாக இருந்தால் பிரெஞ்சுச் சட்டப்படி ஏலம் நடத்தியவர் மீது வழக்குத் தொடுக்க ஏல நாளிலிருந்து 5 ஆண்டு அவகாசம் உண்டு. அதற்குப் பட்டியலின் அந்தப் பக்கம், ரசீது, நிலை அறிக்கை மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். நிலை அறிக்கை கேட்டால்தான் தருவார்கள், கேளுங்கள். ‘அக்சிதான் ஏ மாங்க்’ என்ற மூன்று சொல் வந்தால் உடைசலும் குறைபாடும் உண்டு என்று அர்த்தம். எங்கே, எத்தனை என்று படத்தோடு கேட்க வேண்டும்.

எங்கள் கருத்தில் புதியவர் தொடங்க வேண்டியது ழான்சென் பெயருள்ள பெரிய டீப்பாயில் அல்ல. பெயரில்லாத, கனமான பித்தளையில் செய்த, உளி வேலை கூர்மையாக இருக்கும் ஒரு சின்ன வட்ட மேசையை ‘ஸ்தீல்’ விலைக்கு வாங்குங்கள். அதை ஆறு மாதம் வீட்டில் வைத்துத் தொட்டுப் பழகியபின் அடுத்ததைப் பார்த்தால் கண்ணே சொல்லும்.

படி 7: இந்தியாவுக்குக் கொண்டுவருவதானால்

பணம் கட்டும் முன் கஸ்டம்ஸ் ஏஜென்ட்டிடம் பேசுங்கள், கட்டிய பின் அல்ல. சுங்கப் பட்டியலில் 100 ஆண்டைத் தாண்டியதுதான் தொல்பொருள், தலைப்பு 9706. 1960களின் பித்தளை மேசை அதில் வராது. அது வெறும் பழைய ஃபர்னிச்சர், தலைப்பு 9403. இயந்திரம் போன்ற மூலதனப் பொருள் அல்லாத இரண்டாம் கை சரக்கை இந்தியாவுக்குள் கொண்டுவர இறக்குமதி அனுமதி வேண்டும் என்று அயல்நாட்டு வர்த்தகக் கொள்கை கட்டுப்படுத்தியிருக்கிறது. வெளிநாட்டில் வாழ்ந்துவிட்டு நிரந்தரமாகத் திரும்புகிறவர்களின் வீட்டுச் சாமானுக்கு விதி வேறு. இது தெரியாமல் அனுப்பி, துறைமுகத்தில் நாள் வாடகை ஏற விட்டவர்கள் உண்டு.

மரப்பெட்டியில் அனுப்பினால் அந்த மரம் 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடேற்றியதாக இருந்து, அதற்கான ‘எச்.டி.’ (HT) முத்திரை பலகையில் இருக்க வேண்டும். பிரேசில் ரோஸ்வுட், ஆமையோடு, தந்தம் இவற்றில் எதாவது துளி இருந்தாலும் சைட்டீஸ் (அரிய உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) அனுமதி இல்லாமல் எல்லை தாண்டக்கூடாது. கைப்பிடியில் பதித்த சின்னத் தந்த வட்டத்துக்காக முழு அலமாரியும் பறிபோகும்.

பேக்கிங்கில் கண்ணாடியைச் சட்டத்திலிருந்து கழற்றித் தனிப் பெட்டியில், செங்குத்தாக நிறுத்தச் சொல்லுங்கள். படுக்கவைத்தால் தன் எடையிலேயே, லாரி குலுக்கலில் உடையும். பித்தளை மேல் நேராகக் குமிழிப் பிளாஸ்டிக் சுற்றினால் கடல் பயண வெப்பத்தில் குமிழிகளின் வட்டத் தடம் வார்னிஷில் பதிந்துவிடும். முதலில் அமிலமில்லாத மெல்லிய தாள், அதன் மேல்தான் பிளாஸ்டிக்.

படி 8: வீட்டில் வைத்திருப்பது

புளியும் பீதாம்பரியும் பூஜைப் பாத்திரத்துக்கு. இந்தச் சாமான்களில் பலவற்றின் தங்கநிறம் பித்தளையின் நிறம் அல்ல; மேலே பூசிய நிறமேற்றிய வார்னிஷ் அல்லது மெல்லிய மின்முலாம். ஒரு தடவை புளி போட்டுத் தேய்த்தால் அது போய்விடும், திரும்பக் கொண்டுவர முடியாது. மங்கிய தேன் நிறத்தோடு இருக்கும் மேசைக்குக் கிடைக்கும் விலை, பளபளவென்று மின்னவைத்த மேசைக்குக் கிடைக்காது.

கழுவுவதற்கு வடித்த நீரில் சில துளி மிதமான சோப்பு, நனைத்துப் பிழிந்த பருத்தித் துணி, குழிகளுக்குப் பஞ்சுக் குச்சி. உடனே துடைத்து, ஹேர் டிரையரின் குளிர்காற்றில் மூட்டுகளை உலர்த்துங்கள். பிறகு நுண்படிக மெழுகை (மைக்ரோகிரிஸ்டலின் வாக்ஸ்) மிக மெல்லிதாகத் தடவி, பத்து நிமிடம் விட்டு மெருகேற்றுங்கள். கடலோரம் அல்லாத ஊரில் ஆண்டுக்கு ஒரு முறை போதும். சென்னை, தூத்துக்குடி, கொழும்பு போலக் கடற்காற்று அடிக்கும் ஊரில் இரண்டு முறை, அதில் ஒன்று மழைக்காலத்துக்கு முன்.

மேசையின் கண்ணாடியைத் துடைக்க அமோனியா கலந்த ஸ்ப்ரே வேண்டாம். வளைத்துச் செய்த பித்தளைக் குழாய்க்குள் இழுவிசை தங்கியிருக்கும், அதில் அமோனியா பட்டால் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் மயிரிழை விரிசல் ஓடும். இந்த நோயை உலகம் கவனித்ததே பிரிட்டிஷ் இந்தியாவில்தான்: மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த பித்தளைத் தோட்டாக் குப்பிகள் வெடிப்பு விட்டன, லாயத்தின் மூத்திர வாடையிலிருந்த அமோனியாதான் காரணம் என்று 1921இல் விளங்கியது. கண்ணாடியைக் கழற்றித் தனியே துடைக்க முடிந்தால் எது போட்டும் துடைக்கலாம். முடியாவிட்டால் சோப்பு நீரே போதும், அதையும் துணியில் தெளியுங்கள், மேசையில் தெளிக்காதீர்கள். கண்ணாடி விளிம்பு வழியாகச் சட்டத்தின் பள்ளத்தில் இறங்கிய நீர்தான் பச்சைக் களிம்பைக் கிளப்புகிறது.